செல்லிக்கு வைத்த சடங்கு

கிளியைக்கூடக் கண்ணாத்தாள் விட்டுக்கொடுத்துவிட்டாள். அவள் எழுதிய ஐந்து நாவல்களில் எதிலும் கிளி கிடையாது. செல்லி என்கிற பெண் ஆறு வயதில் தொடங்கி இருபது வயது வரைக்கும் பொன்னமராவதிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வளர்கிற கதை அது. அதில் ஆடு உண்டு, கோழி உண்டு, ஆளைப் பார்த்துக் கடிக்கிற நாய்கூட உண்டு. ஆனால் அதை டிவி தொடராக எடுக்கிற சேனல்காரர்களுக்குப் பேசுகிற கிளி ஒன்று இல்லாமல் முடியவே முடியாதாம். சரி, வைத்துத் தொலையுங்கள் என்றாள். புத்தகத்தில் செல்லியின் அப்பா வாயைத் திறக்காத மனுசன். டிவியில் அவருக்கு மூன்று பாட்டு. அதற்கும் சரி என்றாள். செல்லியின் பெரியம்மாவை வில்லியாக்கி, வாசலில் நின்று கண்ணை உருட்ட வைத்தார்கள். அந்தப் பெரியம்மா நிஜத்திலும் அப்படித்தான் என்பதால் கண்ணாத்தாள் அதற்கு ஆட்சேபணையே சொல்லவில்லை.

ஒன்றே ஒன்றுக்குத்தான் அவள் மசியவில்லை. அது மூன்றாம் புத்தகத்தின் கம்மாய் அத்தியாயம்.

படித்தவர்களுக்குத் தெரியும், படிக்காதவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். எட்டாவது படிக்கும்போது செல்லி ஆளாகிவிடுகிறாள். அந்தக் காலத்தில் அந்த ஊரில் ஆளான பெண்ணுக்கு அத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஓலையில் குச்சு கட்டித் தனியாக உட்கார வைப்பார்கள், சடங்கு வைப்பார்கள், தை பிறந்ததும் தாய்மாமன் கையிலோ அவன் கைகாட்டுகிறவன் கையிலோ பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். செல்லிக்குப் பரீட்சை எழுத வேண்டும். அதனால் பெற்ற தாயிடம்கூட மூச்சு விடாமல் ஏழு மாதம் மறைக்கிறாள். விடிவதற்குள் கம்மாய்க்குப் போய்த் துணியை அலசி, ஆள் போகாத கருவக்காட்டுக்குள் காயப்போடுகிறாள். அவளுக்கு இருக்கிற ஒரே எதிரி தாய்மாமன். வெள்ளிக்கிழமை தவறாமல் வாசலில் வந்து நின்றுகொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "என்னக்கா, புள்ள பெரிய மனுசி ஆயிருச்சா?" என்று கேட்பான். பரீட்சை முடிந்து விஷயம் வெளியே வந்ததும், காலம் தப்பிச் சடங்கு இல்லாமல் போனதில் தான் சீர் செய்கிற உரிமை போச்சே என்று வாங்கி வைத்திருந்த தட்டையெல்லாம் வாசலில் வீசி எறிந்துவிட்டுப் போவான். அத்தோடு அத்தியாயம் முடிகிறது.

அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு அழுததாக எழுதிய பெண்களின் கடிதங்கள் மட்டும் கண்ணாத்தாள் வீட்டுப் பரணில் இரண்டு சாக்கு இருக்கின்றன. அதை வைத்து ஆறு பேர் முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். அந்த ஆறு பேரில் ஒருத்தருக்காவது கம்மாயில் துணி அலசத் தெரியுமா என்பது வேறு விஷயம்.

செல்லி வேறு யாருமில்லை, கண்ணாத்தாள்தான். இப்போது அறுபத்துமூன்று வயது. முப்பத்திரண்டு வருசம் அரசுப் பள்ளியில் வேலை பார்த்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். சேனலோடு ஒப்பந்தம் போட்டபோது அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். மற்ற எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கம்மாய் அத்தியாயத்தில் ஒரு வரியைத் தொட வேண்டுமென்றாலும் அவள் கையெழுத்து வேண்டும். அதற்கு ஒரு படிவத்தையும் அவளே தயார் பண்ணிக் கொடுத்தாள். என்ன மாற்றம், என்ன காரணம், கையெழுத்து என்று மூன்று கட்டம். காரணம் எழுதாத லீவ் லெட்டரை வாழ்நாளில் வாங்கியதில்லை அவள்.

இயக்குநர் விக்ரம் சென்னைக்காரன். முப்பது வயதுகூட ஆகவில்லை. அரைக்கால் டவுசரோடு ஊருக்குள் திரிந்து, முதல் வாரத்திலேயே எல்லா நாய்க்கும் அறிமுகமாகிவிட்டான். கெட்ட பையன் இல்லை. ஆனால் அவனுக்குச் சடங்கு வேண்டும். ஒரு எபிசோடு குச்சு கட்ட, ஒரு எபிசோடு சீர் வர, ஒரு எபிசோடு சண்டைக்கு, இரண்டு எபிசோடு பாட்டுக்கு என்று கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

"ஒரு பொண்ணு ஆளாகி வர்ற கதைங்கிறீங்க, ஆனதையே காட்டலைன்னா எப்படி மேம்?" என்று கேட்டான்.

காட்டாமல் மறைத்ததுதானடா கதை என்று கண்ணாத்தாள் அவனுக்கு நாலு தடவை விளக்கினாள். அவன் நாலு தடவையும் தலையாட்டினான். மறுநாள் சடங்கு வேண்டுமென்று படிவத்தை நிரப்பித் தேவிப்ரியா கையில் கொடுத்தனுப்பினான்.

தேவிப்ரியா திரைக்கதை எழுதுகிற பெண். புதுக்கோட்டைக்காரிதான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஐந்து புத்தகத்தையும் கரைத்துக் குடித்தவள். இந்த வேலை கிடைத்ததும் சாமி கும்பிட்டாளாம். இப்போது அவள் பாடு திண்டாட்டம். சேனல் கேட்டதை எழுதினால் டீச்சர் திட்டுகிறாள். டீச்சர் கேட்டதை எழுதினால் சேனல் திட்டுகிறது. தினமும் காலையில் படிவத்தோடு வருவாள், காபி குடிப்பாள், கையெழுத்து விழாத வெறும் படிவத்தோடு திரும்பிப் போவாள். படிவம் முற்றிலும் வெறுமையாகவும் திரும்பவில்லை. அவர்கள் தட்டச்சு செய்த வாக்கியங்களைக் கண்ணாத்தாள் சிவப்பு மையில் திருத்தி அனுப்பினாள்.

கடைசியில் விக்ரம் ஒரு தந்திரம் செய்தான். சடங்கை இப்போதைக்குச் சும்மா எடுத்து வைத்துக்கொள்வது, டீச்சர் பார்த்துவிட்டு வேண்டாமென்றால் போடாமல் விடுவது என்று முடிவு பண்ணினான். எடுத்த பிறகு போடாமல் விட்டவன் உலகத்தில் எவன் இருக்கிறான்? கூட்டம் சேர்க்கிற பொறுப்பை உள்ளூர் மேனேஜர் செந்தமிழனிடம் விட்டான். இருநூறு பேர் வேண்டும், பட்டு உடுத்தி வர வேண்டும், அவ்வளவுதான் அவன் சொன்னது.

செந்தமிழன் நம்ம ஊர் ஆள். நம்ம ஊரில் ஒரு விசேஷத்துக்குக் கூட்டம் வர வேண்டுமென்றால் என்ன செய்வார்களோ அதைச் செய்தான். பேனர் அடித்தான். பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டில் ஒன்று, ஊர் முகப்பில் ஒன்று. செல்வி செல்லிக்குப் பூப்புனித நீராட்டு விழா, அனைவரும் வருக என்று போட்டு, நடிக்கிற பெண்ணின் படத்தை நடுவில் வைத்தான். தாய்மாமன் பெயரும் படமும் இல்லாமல் சடங்கு பேனர் ஏது? கதையில் மாமன் பெயர் என்ன என்று பார்த்தான். அழகுமலை என்று இருந்தது. கோயில் கும்பாபிஷேகத்துக்கு அடித்த பழைய பேனரிலிருந்து ஊரில் இருக்கிற நிஜ அழகுமலையின் படத்தையே எடுத்து, கும்பிட்ட கையோடு ஒட்டிவிட்டான். இது படப்பிடிப்பு என்று ஒரு மூலையிலாவது போட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

தப்பு அவன் மேல் மட்டும் இல்லை. நாவல் எழுதும்போது கண்ணாத்தாள் தன் பெயரைச் செல்லி என்று மாற்றினாள், ஊர் பெயரை மாற்றினாள், நாயின் பெயரைக்கூட மாற்றினாள். தாய்மாமன் பெயரை மட்டும் மாற்றவில்லை. மாற்ற மனசு வரவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

அந்த அழகுமலை இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். எழுபத்தைந்து வயது. மூன்றாம் புத்தகம் வந்து இருபத்தாறு வருசம் ஆகிறது. அன்றிலிருந்து அக்கா மகளோடு பேச்சு கிடையாது. ஊரில் அவருக்கு வெள்ளிக்கிழமை மாமன் என்று பெயர் விழுந்துவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்துக் கூப்பிடுகிற அளவுக்கு அது பரவியிருந்தது. அவர் மகள் கல்யாணத்தன்று ஒருத்தன் மைக்கில் அப்படியே அழைக்க, மனுசன் பந்தியிலிருந்து எழுந்து போய்விட்டார். கண்ணாத்தாளிடம் சொன்னார்கள். கேட்டவர் கேட்டார், எழுதியவள் எழுதினாள், இதில் நான் என்ன செய்ய என்று அவள் சொல்லிவிட்டாள்.

பேனரை அவள் பஸ்ஸிலிருந்துதான் பார்த்தாள். தான் ஏழு மாதம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மறைத்ததை இவன்கள் பத்தடிக்கு எட்டடியில் பஸ் ஸ்டாண்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படப்பிடிப்பு நடக்கிற களத்துக்குப் போனாள். ஆர்ட் டைரக்டர் பச்சைப் பெயின்ட் அடித்த ஓலையில் அழகாக ஒரு குச்சு கட்டி வைத்திருந்தார். அதன் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தினசரியை விரித்துப் படிக்கத் தொடங்கினாள். கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் கண்ணாத்தாள் தெரிந்தாள். விக்ரம் கெஞ்சினான். தேவிப்ரியா காபி கொண்டுவந்தாள். கண்ணாத்தாள் அதைக் குடித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

ஊர் சனம் அதற்குள் திரண்டுவிட்டது. பேனர் வைத்து அழைத்திருக்கிறார்களே, வெறுங்கையோடா வருவார்கள்? சில்வர் குடமும் குத்துவிளக்குமாகக் கலர் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் மேக்கப் போடுகிறவரிடம் கொடுத்துவிட்டுப் பேர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆள் இரண்டு கையிலும் குடத்தோடு முழித்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் ரோட்டில் கொட்டுச் சத்தம் கேட்டது.

முன்னால் மேளம். பின்னால் முப்பத்தொரு சீர்த் தட்டோடு பெண்கள். அதற்குப் பின்னால் ஒரு சின்ன ஏஸ் லாரி நிறையப் பச்சைத் தென்னங்கீற்று, அதன் மேல் ஒரு கிடாய்க்குட்டி. எல்லாருக்கும் நடுவில் வெள்ளைச் சட்டையும் தோளில் பட்டுத் துண்டுமாக அழகுமலை வந்தார். செந்தமிழன் பிரமாதமாக ஏற்பாடு செய்துவிட்டான் என்று விக்ரம் நினைத்து, ரோல் ரோல் என்று கத்தினான். செந்தமிழன் ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

அழகுமலை நேராகக் குச்சுக்கு வந்தார். பெயின்ட் அடித்த ஓலையை விரலால் தடவிப் பார்த்தார். தாய்மாமன் வெட்டிக் கொண்டுவருகிற பச்சை ஓலையில் தாய்மாமன் கட்டுவதுதான் குச்சு. வேறு எவன் கட்டினாலும் அது அவமானம். இதைக் கட்டினவன் எவன் என்று கேட்டார். ஆர்ட் டைரக்டர் பெருமையாகக் கையைத் தூக்கினார். அடுத்த நிமிசம் அழகுமலையின் மகன்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து அதைப் பிரித்துப் போட்டுவிட்டு, புதுக் கீற்றை இறக்கி வேறு குச்சு கட்ட ஆரம்பித்தார்கள். மூன்று நாள் வேலை என்று ஆர்ட் டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். கிடாய்க்குட்டி புதுக் கீற்றைக் கடித்துக்கொண்டு நின்றது.

நடிக்கிற பெண் பட்டும் நகையுமாக ஓரமாக நின்றிருந்தாள். அழகுமலை அவளைத் தாண்டிப் போனார். கண்ணாத்தாளின் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்று கையை உயர்த்தினார். கொட்டு நின்றது.

"எந்திரிச்சு மணையில ஒக்காரு," என்றார். இருபத்தாறு வருசத்தில் அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

கண்ணாத்தாளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

"ஒங்களுக்கென்ன கிறுக்கா மாமா? எனக்கு அறுபத்திமூணு வயசு. பேரன் காலேசுக்குப் போறான்."

"பேனர்ல எம்பேரு போட்டிருக்கு. பேரு போட்டா நான் சீரு கொண்டாரணும். இல்லன்னா ஊரு என்ன சொல்லும்?"

"அது செல்லிக்குப் போட்டது. அந்தா நிக்கிதே, அந்தப் புள்ளைக்கு."

"செல்லி யாரு? எனக்கு அக்கா மக நீ ஒருத்திதான்."

கண்ணாத்தாள் தினசரியை மடித்துக் கீழே போட்டாள். ஐம்பது வருசமாக உள்ளே கிடந்த ஆத்திரம் அவ்வளவும் வாய்க்கு வந்தது. ஊர் பார்க்கிறது, கேமரா ஓடுகிறது என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. படிப்பைக் கெடுக்க வாரா வாரம் வந்து நின்ற ஆள் நீங்கள், உங்கள் கேள்விக்குப் பயந்து வெள்ளிக்கிழமை வந்தாலே அடுப்படியில் ஒளிந்துகொண்டு ஆத்தா என்ன பதில் சொல்லுமோ என்று செத்துப் பிழைப்பேன், இப்போது சீர் கொண்டுவந்துவிட்டீர்களாக்கும் என்று கொட்டித் தீர்த்தாள். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுப் பழகிய குரல். ரோட்டில் போன பஸ்கூட நின்று பார்த்தது.

அழகுமலை அவள் முடிக்கிற வரைக்கும் பொறுமையாக நின்றார். பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் பாத்தேன்," என்றார்.

"எத?"

"ஆவணி மாசம். மாட்டத் தண்ணிக்கு ஓட்டியாந்தேன். நீ கரையில ஒக்காந்து அலசிக்கிட்டு இருந்த. அழுதுக்கிட்டே அலசுன. மாட்டத் திருப்பிக்கிட்டு அங்கிட்டே போயிட்டேன்."

கண்ணாத்தாள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஒன்னோட செட்டுப் புள்ளைக எல்லாம் ஆளாகி ஒக்காந்துருச்சுக. நீ ஒருத்திதான் பாக்கி. பொம்பளைக ஒன்னையக் கண்ணாலயே அளந்துக்கிட்டு இருந்தாளுக. எங்கக்காகிட்ட வந்து நோண்டி நோண்டிக் கேட்டிருப்பாளுக. அதான் நான் முந்திக்கிட்டேன். நான் வாசல்ல நின்னு கேப்பேன், எங்கக்கா இன்னும் இல்லடான்னு சத்தமாச் சொல்லும், தெருவே கேட்டுக்கும். தாய்மாமனே வாரா வாரம் வந்து பாத்துட்டுப் போறான், அவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுதுன்னு அத்தன பேரும் வாயப் பொத்திக்கிட்டாளுக. நான் கேக்காம இருந்திருந்தா ஊரு கேட்டிருக்கும்."

"ஏன் மாமா சொல்லல?" கண்ணாத்தாளின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"யாருகிட்டப் போயிச் சொல்ல? ஊரு பூராம் படிச்சிருச்சு. நான் கேட்டத எழுதுன. எதுக்குக் கேட்டேன்னு நீ ஒரு நாளு என்னையக் கேக்கலையே."

கண்ணாத்தாளுக்கு உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு கூசியது. அவமானம் என்றால் சாதாரண அவமானம் இல்லை. மாமன் தட்டை வீசி எறிந்தது பொய் என்று அவளுக்கு எப்போதுமே தெரியும். அத்தியாயத்துக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது, அதனால் வீச வைத்தாள். நிஜத்தில் அவர் ஒன்றும் சொல்லாமல் போய், அடுத்த தையில் வேறு இடத்தில் பெண் எடுத்துக் கட்டிக்கொண்டார். சீர் செய்ய வாங்கிய தட்டுகளைத் தங்கச்சி மகளுக்குக் கொடுத்துவிட்டார். அது ஒன்றுதான் பொய், மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி என்று இத்தனை வருசமாக மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டிருந்தாள். நடந்ததைத்தான் எழுதினாள். ஆனால் அடுப்படிக்குள்ளிருந்து பார்த்த மட்டும்தான் எழுதினாள். வாசலில் நின்றவன் முகத்தை ஒரு வெள்ளிக்கிழமைகூட அவள் எட்டிப் பார்க்கவில்லை.

விக்ரம் பூனை மாதிரி அவள் காதுப் பக்கம் வந்தான். இதைவிட நல்ல சீன் கிடைக்காது, இன்னொரு தடவை பெரியவரை அதையே சொல்லச் சொன்னால் க்ளோஸப் எடுத்துக்கொள்ளலாம் என்றான்.

"கேமராவ நிறுத்து," என்றாள் கண்ணாத்தாள்.

அவன் தயங்கினான். தேவிப்ரியா யாரையும் கேட்காமல் போய், கேமராவின் முகத்தில் தன் துப்பட்டாவைப் போட்டு மூடினாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. வேலை போனாலும் போகட்டும் என்கிற மாதிரி கேமராவுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

கண்ணாத்தாள் எழுந்து, புதுக் குச்சுக்கு முன்னால் போட்டிருந்த மணையில் போய் உட்கார்ந்தாள். மூட்டு வலியால் இரண்டு பேர் பிடித்து உட்கார வைக்க வேண்டியிருந்தது. அழகுமலை அவள் கழுத்தில் மாலையைப் போட்டார். பெண்கள் குலவையிட்டார்கள். நரைத்த தலையில் அட்சதையும் பூவும் விழுந்தன. அவளோடு படித்த கிழவிகள் இரண்டு பேர் இதுவரை கேட்டிராத கெட்ட கேலியெல்லாம் பண்ண, கண்ணாத்தாள் சிரித்துக்கொண்டே அழுதாள். யூனிட்டுக்கு ஆக்கிய சாப்பாடு விருந்தாகிப்போனது. கிடாய்க்குட்டியை வெட்டக் கூடாது என்று நடிக்கிற பெண் கட்டிப் பிடித்துக்கொண்டதால் அது தப்பித்தது. சேனல் ஆசைப்பட்ட அத்தனையும் அன்றைக்கு அந்தக் களத்தில் நடந்தது. துப்பட்டா விழுந்த பிறகு ஒரு ஷாட்கூடப் பதிவாகவில்லை.

சாயங்காலம் கண்ணாத்தாள் தேவிப்ரியாவைக் கூப்பிட்டுப் படிவத்தை எடு என்றாள். டீச்சர் மனசு மாறிச் சடங்குக்கு ஒத்துக்கொண்டாள் என்று நினைத்து, விக்ரமும் பின்னாலேயே ஓடிவந்தான். கண்ணாத்தாள் மாற்றம் என்கிற கட்டத்தில் எழுதினாள். சடங்கு கிடையாது. செல்லி மறைப்பாள். ஆனால் கம்மாயை மாட்டுக்காரன் நிற்கிற பக்கத்திலிருந்து காட்ட வேண்டும். அவன் பார்க்க வேண்டும், மாட்டைத் திருப்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் முதல் வெள்ளிக்கிழமை வர வேண்டும். தட்டு வீசுகிறது அறவே கூடாது.

விக்ரம் முகம் தொங்கிவிட்டது. மாமன் நல்லவனாகிவிட்டால் வில்லனுக்கு எங்கே போவது என்று கேட்டான்.

"ஆத்திரத்துல ஒரு மனுசன் பேர ஊரு பூராம் நாறடிச்சவ ஒருத்தி இருக்கா. அவள வேணும்னா போட்டுக்கங்க," என்றாள் கண்ணாத்தாள்.

அதற்கு அடுத்த கட்டத்தில் அவள் பேனா நின்றுவிட்டது. காரணம். கதைக்காக என்று எழுதி அடித்தாள். புதிய தகவல் கிடைத்ததால் என்று எழுதி, அதையும் அடித்தாள். பிள்ளைகள் சாக்குச் சொன்னால் அவள் ஒத்துக்கொண்டதில்லை, தான் சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்வதா? தேவிப்ரியா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கண்ணாத்தாள் இரண்டே வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கேட்காமல் எழுதிவிட்டேன்.